மன்னிப்புக் கேட்டாயிற்று, பாரம் ஏன் இறங்கவில்லை?

பிப்ரவரி 4, கேள்வி

"ஒரே ஒரு பாவம். நாலு வருஷமாக அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. நம்புகிறேன். ஆனாலும் காலையில் கண் விழித்தால் கல் அப்படியே நெஞ்சில் இருக்கிறது. அறிக்கையிட்டேன், நிம்மதி வந்தது என்று சாட்சி சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை, என்னிடம்தான் கோளாறா?"

பிப்ரவரி 4, இரவு 10.40

பொய் சொல்லவில்லை. பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

தம்பி, நீங்கள் கேட்கும் ஜெபத்தின் வார்த்தைகள் என்ன? அதைச் சொல்லுங்கள் முதலில். என் ஜெபம் ஒன்பது வருஷம் இப்படித்தான் இருந்தது: "ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்." இந்தத் "தெரிந்தும் தெரியாமலும்" இருக்கிறதே, ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான புதர் கிடையாது. ஆதாம்கூட மரத்துக்குப் பின்னால்தான் ஒளிந்தான். நான் வாக்கியத்துக்குப் பின்னால்.

என் கதை சுருக்கமாக. வேலை பார்த்த இடத்தில் சரக்கு இருப்பை எண்ணிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஒருமுறை எண்ணாமலே போட்டேன். பிறகு குறைவு வெளியே வந்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் மேல் சந்தேகம் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் வேலை போயிற்று.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு ராத்திரி, மழையில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். சாவியை எடுத்த நேரத்தில் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, சத்தமாக, நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரிடம் சொல்கிறோம் என்பதைவிட, என் குரலை நானே கேட்டதுதான் பயங்கரமாக இருந்தது. அழுகை வரவில்லை. ஒளி வரவில்லை. வீட்டுக்குள் போய்ப் படுத்தேன், காலை வரை தூங்கினேன். ஒன்பது வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

சங்கீதம் 32-ஐ எடுத்துப் படியுங்கள். "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று." நான் இதைக் கவிதை என்றுதான் நினைத்திருந்தேன். எலும்பு உலர்வது உடம்பில் நிஜமாகவே தெரியும்.

பிப்ரவரி 4, இரவு 11.55

படுத்தும் மனசு ஓடுகிறது, அதனால் எழுந்து எழுதுகிறேன்.

வேதத்தில் "பாவஞ்செய்தேன்" என்று சொன்னவர்கள் எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்கவில்லை. சவுல் ராஜாவும் சொன்னான், அவனுக்குப் பின் ராஜாவான தாவீதும் சொன்னான். சவுல் சொன்னதைப் பாருங்கள் (1 சாமுவேல் 15): பாவஞ்செய்தேன், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன். சொன்ன கையோடு காரணம் வருகிறது. ஆறே வசனம் தாண்டி இன்னொரு முறை பாவஞ்செய்தேன் என்கிறான், உடனே மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். மானம் போகாமல் மன்னிப்பு மட்டும் வேண்டும்.

தாவீது செய்தது சவுல் செய்ததைவிடக் கேவலம். இன்னொருவன் மனைவி, பிறகு அந்த இன்னொருவனின் உயிர். தீர்க்கதரிசி நாத்தான் வந்து நிற்கிறார். தாவீது சொன்ன பதில் எபிரெயத்தில் இரண்டே சொல். தமிழில் "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." முற்றுப்புள்ளி. அதற்குப் பிறகு "ஆனால்" இல்லை.

எனக்குப் பிடித்த ஆள் ஆரோன்தான். பொன்னை வாங்கி, சிற்பக்கருவி வைத்து, கன்றுக்குட்டி வார்த்த மனுஷன், மோசே கேட்டதும் என்ன சொல்கிறார்? அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது! தானாக நடந்து வந்ததாம். யாத்திராகமம் 32. சின்னப் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாகப் பொய் சொல்லும்.

பிப்ரவரி 5, காலை

ஆனால் சிரித்த பிறகு யோசித்தால், என் ஒன்பது வருஷ ஜெபம் முழுக்க ஆரோன் ஜெபம்தான். "அந்தச் சூழ்நிலையில் அப்படி ஆகிவிட்டது ஆண்டவரே."

பிப்ரவரி 5, மதியம்

"அப்படியானால் கத்தோலிக்கர் போலச் சாமியாரிடம் போய் ஒப்பிக்க வேண்டுமா" என்று ஒருவர் கேட்டதற்கு "அது வெறும் சடங்கு, நேரே தேவனிடம் சொன்னால் போதும்" என்று எழுதிவிட்டேன். கத்தோலிக்க நண்பர் ஒருவர் சரியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வைத்தார். வாங்கிக்கொண்டதை இங்கே வைக்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் என்று பெரியவர்களும் ஒப்புரவு அருட்சாதனம் என்று இப்போதும் சொல்வதில், குருவானவர் சொந்த அதிகாரத்தில் மன்னிப்பதாக அவர்கள் நம்பவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்தாக வேண்டும் என்ற விதி 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கத்தில் வந்தது. கேட்டதை நேரடியாக வெளியே சொல்லும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபை விலக்குக்கு உள்ளாவார். நம் சபைகளில் ஒருவரிடம் மனம் விட்டுச் சொன்னால் அடுத்த ஜெபக்கூட்டத்தில் அது "ஜெபக்குறிப்பாக" வந்து நிற்கும். இதை அவர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று, எனக்கே கூச்சமாக இருந்தது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் தனி அறிக்கையைத் தூக்கி எறிந்தார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எறியவில்லை. 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கென்று ஒரு பகுதியே வைத்திருக்கிறார். போதகர் சொல்லும் மன்னிப்பின் வார்த்தையைத் தேவனே சொன்னதாக ஏற்றுக்கொள் என்கிறார். கட்டாயத்தையும், ஒன்று விடாமல் எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதையும்தான் எதிர்த்தார்.

நேற்று நான் எழுதிய தாவீது கதையிலேயே இது இருக்கிறது, கவனிக்காமல் விட்டேன். "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று தாவீது கேட்டது வானத்திலிருந்து அல்ல. எதிரே நின்ற மனுஷனின் வாயிலிருந்து. நமக்குள்ளேயே கேட்டு, நமக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டால், அந்தப் பதில் யாருடைய குரல் என்ற சந்தேகம் போகாது. யாக்கோபு 5:16-உம் ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. நான் அந்த வசனத்தில் "ஜெபம்பண்ணுங்கள்" என்ற பாதியை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு ஒரு பகுதி: "நீங்கள் சொன்னபடி விவரமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை ஆகிவிட்டது. ஒரு வார்த்தை விட்டுப்போனதோ என்று மறுபடி ஆரம்பிக்கிறேன். மனசார வருத்தப்பட்டேனா என்று சந்தேகம் வந்தால் திரும்பவும். வேலையில் இருந்து எழுந்து போய் ஜெபித்துவிட்டு வருகிறேன்."

என் முதல் குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். எல்லாருக்கும் அல்ல, இவருக்கு. தலைவலி என்று வந்தவருக்கு, என்ன ஏது என்று கேட்காமல் என் மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன்.

இது வேறு. லத்தீனில் ஸ்க்ரூப்புலுஸ் என்றால் செருப்புக்குள் மாட்டிய கூரான சின்னக் கல். அந்தச் சொல்லை வைத்துத்தான் இந்த வாதைக்குப் பேரே வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள். மடத்தில் இருந்த காலத்தில் லூத்தர் மணிக்கணக்கில் அறிக்கை செய்வாராம். முடித்து வெளியே வந்ததும் மறந்த பாவம் ஒன்று ஞாபகம் வரும், திரும்பப் போவார். கேட்டுக்கொண்டிருந்த குரு ஸ்டௌபிட்ஸ் பாவம், பொறுமையின் சிகரம்.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கதை இன்னும் வேடிக்கை, இன்னும் வேதனை. பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கிய படைவீரர், 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தவம் இருந்தபோது இதே சிக்கல். எழுதி வைத்து, முழுசாக அறிக்கை செய்தும் தீரவில்லை. கடைசியில் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு, "மிகத் தெளிவான பாவமாக இருந்தால் ஒழிய, பழசைச் சொல்லாதே" என்று கட்டளையிட்டார். நல்ல கட்டளை. ஆனால் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்ததாம்! அதனால் கட்டளை பயன்படவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். உயிரை விடலாமா என்ற எண்ணம் வரை போயிருக்கிறார். வெளியே வந்தது எப்படி? இனிப் பழசை அறிக்கை செய்வதில்லை என்று முடிவெடுத்து நிறுத்தினார். அறிக்கையை நிறுத்தியதுதான் அவருக்கு விடுதலை.

தம்பி, இன்றைக்கு இதற்கு ஓசிடி என்று மருத்துவர்கள் பெயர் சொல்வார்கள், ஒரே எண்ணமும் ஒரே செயலும் விடாமல் துரத்தும் மனநோய். மதம் சம்பந்தப்பட்ட வகை. வைத்தியம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கத் தூண்டும்போது கேட்காமல் இருக்கப் பழக்குவது அதில் முக்கியமான பகுதி. மனநல மருத்துவரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால், அவரை என்னிடம் அனுப்புங்கள். உங்கள் போதகரோ குருவோ நல்லவராக இருந்தால் அவரிடமும் சொல்லி, "ஒரு தரம் கேட்டது போதும்" என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

அவருக்கு மட்டும் இன்னொரு வரி. நாற்பதாவது தடவை கேட்கும்போது, முதல் தடவையே தேவன் கேட்டுவிட்டார் என்பதை நாம் நம்பவில்லை. அவ்வளவுதான். திட்டவில்லை.

திட்டியது மாதிரிதான் இருக்கிறது. அழிக்காமல் விடுகிறேன், ஆனால் மருத்துவர் விஷயம்தான் முக்கியம். இந்த வரி அல்ல.

பிப்ரவரி 8

"இதெல்லாம் மனசில் இருப்பதைக் கொட்டினால் வரும் ஆறுதல். தேவன் எதற்கு? மரத்திடம் சொன்னாலும் இறங்கும்." கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர் ஒருவர். வருஷா வருஷம் இதையே சொல்கிறார், அவருக்கும் ஒரு பாரம் இருக்கும் போல.

மரத்திடம் சொன்னால் கொஞ்சம் இறங்கும். ஒப்புக்கொள்கிறேன். "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று குறள் சொல்வதற்குத் திருச்சபை எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் மரம் என் மேல் கோபப்படாது. மரத்துக்கு நான் எதுவும் கடன்படவில்லை. கடன் கொடுத்தவன் "விட்டேன்" என்று சொல்வதும், பக்கத்து வீட்டுக்காரன் "கவலைப்படாதே" என்று சொல்வதும் ஒன்றா?

ஆராய்ச்சி என்று வந்ததால் ஒன்று. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. காசு சுண்டினால் பூவா தலையா என்று ஊகித்து, எத்தனை சரி என்று தாங்களே சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னதற்குப் பணம். ஏமாற்ற வசதியான ஏற்பாடு. பிறகு உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்புத் தந்தார்கள். சிலர் முழுசாகச் சொன்னார்கள். சிலர் சொல்லவே இல்லை. சிலர் "கொஞ்சம்தான் ஏமாற்றினேன்" என்று பாதியைச் சொன்னார்கள். யாருக்கு மனசு அதிகம் வலித்தது தெரியுமா? பாதி சொன்னவர்களுக்கு. சொல்லாமலே இருந்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

சவுல் அவர்களோடு உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரி 11

மூன்று நாள் எழுதவில்லை. எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும் என்று தெரிந்ததால்.

பாதி சொன்னவர்களைப் பற்றி நக்கலாக எழுதி முடித்து, மேலே போய் என் முதல் குறிப்பைப் படித்தேன். "சந்தேகம் விழுந்தது." "நான் வாயைத் திறக்கவில்லை." சந்தேகம் தானாக எப்படி விழும்? அக்கினியிலே போட்டேன், கன்றுக்குட்டி வந்தது.

நடந்தது இது. மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "அன்னைக்கு எண்ணினது யாரு?" என்று கேட்டார். நான் அந்தப் பையனின் பேரைச் சொன்னேன். வாயைத் திறந்தேன். திறந்து ஒரு பேரைச் சொன்னேன். மேசை மேல் இருந்த காகிதங்களை அவர் அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

வண்டியில் உட்கார்ந்து தேவனிடம் சொன்னது முழுசும்தான். பேர் சொன்னதையும் சொன்னேன். உங்களிடம் சொல்லும்போது ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன். "மௌனமாக இருந்தவன்" என்றால் கோழை. "பேர் சொன்னவன்" என்றால் வேறு. கோழை என்ற பட்டம் எனக்குச் சம்மதமாக இருந்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் அறிக்கையிடுதலுக்கு உள்ள கிரேக்கச் சொல் ஹோமொலொகெயோ. பிரித்தால் "அதையே சொல்லுதல்". தேவன் பார்த்ததையே நானும் சொல்வது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பல வருஷமாக இதைக் கூட்டங்களில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

முதலில் காட்டியிருக்க வேண்டியதை இப்போது காட்டுகிறேன். சங்கீதம் 32-இன் முதல் வசனம்: "எவனுடைய பாவம் மூடப்பட்டதோ, அவன் பாக்கியவான்." ஐந்தாம் வசனம்: "என் அக்கிரமத்தை மறைக்காமல்." தமிழில் இரண்டு வேறு சொல்லாக இருக்கிறது. எபிரெயத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. நான் மூடவில்லை, அதனால் அவர் மூடினார். நான் மூடியே வைத்திருந்தால் அவர் மூடுவதற்கு என்ன இருக்கிறது?

நேற்றுப் போட்ட குறிப்புக்குப் பிறகு வயிறு சரியாகிவிட்டது. நாலாம் தேதியிலிருந்தே சரியில்லை, சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்தேன்.

பிப்ரவரி 14

யூதாஸ்! யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன், கேட்டுவிட்டார்கள்.

"நீங்கள் சொல்லும் எல்லா லட்சணமும் யூதாஸின் அறிக்கையில் இருக்கிறது. குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று விவரமாகச் சொன்னான். சாக்குச் சொல்லவில்லை. முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். பிறகு போய் நான்றுகொண்டு செத்தான். எங்கே உங்கள் நிம்மதி?"

இரண்டு நாள் இதோடு அல்லாடினேன். என் கொள்கையில் ஓட்டை இருக்கிறது. நான் வார்த்தையின் சுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். யாரிடம் என்பதைக் கவனிக்கவில்லை. யூதாஸ் போனது பிரதான ஆசாரியர்களிடம். கூட்டுச்சதிக்காரர்களிடம். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." ஆசாரியன் சொல்லக்கூடிய வார்த்தைகளிலேயே மகா பாதகமான வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் பேதுரு. அவர் அறிக்கை செய்ததாக ஒரு வரிகூடச் சுவிசேஷங்களில் இல்லை. மனங்கசந்து அழுதார், அதோடு சரி. அறிக்கைக்கு இலக்கணம் எழுதும் என்னைப் போன்றவனுக்கு இது இடிக்கிறது. ஆனால் யோவான் எழுதியதைப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த ராத்திரியில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் மீன் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பு. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடத்தில்தான் வருகிறது. மூன்று முறை தெரியாது என்றவரிடம், அதே வாசனைக்கு முன்னால், மூன்று முறை கேள்வி: என்னை நேசிக்கிறாயா? நடந்ததைப் பேதுரு சொல்லாமலே, நடந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாயிற்று. மூன்றாம் தரம் கேட்டதும் பேதுரு துக்கப்பட்டார் என்று இருக்கிறது. வலித்துத்தான் ஆறியிருக்கிறது.

ஆகவே வார்த்தை எல்லாம் துல்லியமாக இருந்தும் போகிற இடம் தப்பினால் ஆள் செத்துப்போகிறான். வார்த்தையே இல்லாமல் போனவர், போன இடத்தால் பிழைத்தார். முதல் குறிப்பை இரண்டாவது முறையாகத் திருத்துகிறேன். இப்படியே போனால் அதில் மழையும் வைப்பரும்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 17

"அந்தப் பையன் என்ன ஆனான்?" நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தேவனிடம் சொல்லித் தூங்கிவிட்டேன் என்று எழுதினால் கேட்கத்தானே செய்வார்கள்.

வண்டியில் சொன்ன பிறகு இரண்டு வருஷம் ஒன்றும் செய்யவில்லை. மன்னித்துவிட்டார், முடிந்தது என்று இருந்தேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீதே 51-ஆம் சங்கீதத்தில் சொல்கிறாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். தாவீது மனைவியையும் உயிரையும் பறித்த உரியாவின் வீட்டார் அந்த வசனத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5-இல் இருப்பதும், சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றதும், ஞாயிறு தோறும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு போனேன். அவனுக்கு இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வாசலிலேயே நிற்கவைத்துத்தான் கேட்டான். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றான். பதினொரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் கேட்டான்: "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்களுக்கு இறங்கணும்னா?"

பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. பாதிக்குப் பாதி உண்மைதான் அது.

"எங்கப்பா சாகும்போது அதை நம்பிக்கிட்டுத்தான் செத்தார்" என்றான். சத்தம் போடவில்லை. கோபம் இருந்த மாதிரிகூட இல்லை. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், "இதோ வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நாலத்தனை என்ன, நாற்பதத்தனை கொடுத்தாலும் அந்த அப்பாவுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

அவன் ஒன்று கேட்டான்: எழுத்தில் வேண்டும். எழுதினேன். நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, அவனுக்கு ஒரு பிரதி. நிர்வாகத்திலிருந்து, அந்தக் காலத்துக் கோப்புகள் இப்போது இல்லை என்று இரண்டு வரி வந்தது. அவன் தன் பிரதியை அம்மாவிடம் படித்துக் காட்டியதாகப் பிறகு தெரிந்தது. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவனிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்குவதாக இருக்கும் என்று தோன்றியது.

பிப்ரவரி 17, இன்னும்

தவறாகப் படித்துவிடாதீர்கள். எல்லாரும் எல்லாரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனசுக்குள் ஒருவரை வெறுத்தேன் என்று அவரிடமே போய்ச் சொல்லி, அவர் தூக்கத்தைக் கெடுப்பவர்களை எனக்குத் தெரியும். தன் மூட்டையை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு "எனக்கு லேசாகிவிட்டது" என்று போகிற ஆட்கள். அடி வாங்கியவருக்கு அதனால் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அவனுக்கு ஒரு கடிதம் கிடைத்தது.

பிப்ரவரி 20

நிம்மதி இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறார் மரத்து நண்பர்.

இருக்கிறது. அந்த அப்பா நினைவுக்கு வராத வாரம் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. முன்னே நினைவு வந்தால் எழுந்து வேறு வேலை பார்ப்பேன், டிவி போடுவேன். இப்போது வந்தால் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. மன்னிப்பு என்றால் மறந்துபோவது என்று நினைத்திருந்தேன். எனக்கு நேர்ந்தது, ஞாபகம் வைத்திருக்கத் தைரியம் வந்தது.

லூக்கா 15-இல் இளைய மகன் பன்றிகளுக்கு நடுவில் ஒரு பேச்சைத் தயார்செய்வான். பரத்துக்கும் உமக்கும் விரோதமாகப் பாவஞ்செய்தேன், மகன் என்று சொல்லப்படப் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்று பகுதி. வீட்டுக்கு வந்து சொல்லும்போது எண்ணிப் பாருங்கள், இரண்டுதான் இருக்கிறது. கூலிக்காரன் பகுதி வரவே இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று ஆட்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாவத்தை முழுசாகச் சொல்ல விட்டார். தண்டனையைத் தானே தீர்மானிக்க மட்டும் விடவில்லை.

இதை எழுதிவிட்டு அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். மூத்த மகன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.

பிப்ரவரி 23

தம்பி மருத்துவரைப் பார்த்துவிட்டார். நேற்று ஒரு நாள் பன்னிரண்டு தடவையோடு நிறுத்தினாராம். "பன்னிரண்டு அதிகமா?" என்று கேட்டிருக்கிறார். எண்ணிக்கைக் கணக்கை என்னிடம் கேட்க வேண்டாம். நான் எண்ணின லட்சணம்தான் தெரியுமே.

பிப்ரவரி 25

இதையெல்லாம் எழுதியதை அவனுக்கு அனுப்பி, வைக்கலாமா எடுத்துவிடவா என்று கேட்டிருந்தேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நேற்று ராத்திரி போன் செய்தான். பேர் போடாதவரை இருக்கட்டும் என்றான். கரிநெருப்புப் பகுதியை அவன் அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம்.

வைக்கப் போகும்போது, "ஒண்ணு தப்பா இருக்குண்ணே" என்றான். "எண்ணாம கையெழுத்துப் போட்டது ஒரு தடவைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தின மாசமும் போட்டீங்க. நான்தான பேனா எடுத்துக் கொடுத்தேன்."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

திருத்தம்: முதல் குறிப்பில் "ஒருமுறை" என்பதை "இரண்டு முறை" என்று படிக்கவும்.